பூசணிக்காய் உடைக்காத படம்

என் நண்பன் ஒருவனை இன்னொருவன்மேல் பழிதீர்க்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்க நான் ஆசைப்பட்டேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காலையில் பால் பாக்கெட் எடுப்பது, மனைவியின் கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்புவது, பிறகு யாரும் கேட்காத உரைநடைக் கவிதை ஒன்றை எழுதி அடிப்பது என்று போகிற ஆளுக்கு, அடுத்தவனுடைய பழி ஒரு திருவிழா. கொடி ஏறியது தெரிந்தால் கால் சும்மா இருக்காது.

நண்பன் நசரத்பேட்டைக்காரன். அவன் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் வைத்தவன். அதையும் விட்டுவிட்டு சினிமாவுக்குப் போய், உதவி, இணை, துணை இயக்குநர் என்று அடுத்தவர் படங்களிலேயே தலைமுடியை நரைக்க விட்டவன். என்னைவிடச் சில வயது இளையவன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நாங்கள் இருவரும் நடப்போம். ஏரி தினமும் ஒரே கதையைச் சொல்லும்: கொக்கு, குப்பை, காற்று, ரயில் சத்தம். இவனும் தினமும் ஒரே கதையைத்தான் சொல்வான், ஆனால் மாற்றி மாற்றிச் சொல்வான்.

அந்தக் கதையை ஒரு தயாரிப்பாளரிடம் சொல்ல இவனுக்கு நேரம் கிடைத்திருந்தது. அந்தத் தயாரிப்பாளருக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னதால் வீட்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டேதான் கதை கேட்பார். சொல்கிறவனும் அரையடி பின்னால் கூடவே நடக்க வேண்டும். அவர் நின்றால் கதை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் படம். இது உதவி இயக்குநர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"நின்னாரா?" என்று கேட்டேன்.

"இன்டர்வல்ல நின்னாரு அண்ணாத்தே. எனக்கு அப்டியே புல்லரிச்சிச்சு. அப்பால பாத்தா செருப்புல கல்லு."

கல்லை உதறிவிட்டு அவர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். வில்லன் எதற்காக ஏமாற்றுகிறான்? கதாநாயகன் கடைசியில் என்னவாக மாறுகிறான்?

"மோட்டிவ் இல்லன்றாரு. ஆர்க் இல்லன்றாரு. ஆர்க்குன்னா எனக்கு வெல்டிங்தான் அண்ணாத்தே தெரியும். அடுத்த திங்கக்கெழம இன்னொருதபா வரச் சொல்லிகீறாரு. அதான் கடைசி."

கடைசி என்று அவன் சொன்னதில் சினிமாத்தனம் ஒன்றும் இல்லை. அவனுடைய மைத்துனன் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கிடங்கில் இவனுக்கு சூப்பர்வைசர் வேலை பேசி வைத்திருந்தான். வெளிர்நீலச் சட்டை தைத்து, வீட்டு ஆணியில் மாட்டியும் ஆகிவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். திங்கட்கிழமை தயாரிப்பாளர் உட்காரவில்லையென்றால் அந்தச் சட்டைக்குள் கையை விட வேண்டியதுதான், இனிமேல் கதை என்ற பேச்சு வீட்டில் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாளாம். "அதான் அண்ணாத்தே எனக்கு பயம்."

கதை இதுதான். ஒரு தெருவுக்கு சினிமா டைரக்டர் என்று சொல்லிக்கொண்டு ஒரு டுபாக்கூர் வருகிறான். ஒரு பெண்ணைக் கதாநாயகி ஆக்குகிறேன் என்று சொல்லிப் படம் எடுக்கிறான். மறுநாள் ஆள் இல்லை. கேமராவுக்குள் ஒன்றுமே இருந்ததில்லை என்று தெரிகிறது. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் தூக்கு மாட்டிக்கொள்கிறாள். அவளுடைய தம்பி வளர்ந்து, அவனைவிடப் பெரிய எத்தனாகி, அந்த டைரக்டரைத் தேடிப் பிடித்து, அவனையே கதாநாயகனாகப் போட்டு ஒரு பொய்ப் படம் எடுக்கிறான். கடைசி நாளன்று கேமராவைத் திறந்து காட்டுகிறான். உள்ளே ஒன்றும் இல்லை. வில்லனின் முகம். இருட்டு. சுபம்.

தூக்கையும் அதற்குப் பிறகு வருகிற பழியையும் கழித்துவிட்டால் மீதி எல்லாம் நசரத்பேட்டையில் இவன் தெருவில் நடந்ததுதான். அப்போது இவன் எஸ்டேட்டில் புதிதாகச் சேர்ந்திருந்தான். ஒரு விடுமுறை நாள் காலையில் தோளில் கேமராவும் கையில் ஸ்டாண்டுமாக ஒரு ஆள் தெருவில் நின்றான். பொழுது சாய்வதற்குள் தெருவே சினிமாவாகிவிட்டது. யாரோ மாலை போட்டார்கள். யாரோ பிரியாணி போட்டார்கள். இவனுடைய அக்காவை அடிபம்புக்குப் பக்கத்தில் குடத்தோடு நிற்கவைத்து அழச் சொன்னான் அந்த ஆள். அவள் அழுதாள். ஒன்மோர், ஒன்மோர் என்றான். ஒவ்வொரு தடவையும் நன்றாகவே அழுதாள். வேடிக்கை பார்க்க நெருக்கியவர்களை அவன் நாள் முழுக்க ஒரே வார்த்தையில் விரட்டிக்கொண்டிருந்தான்: "நெழல் வுழுது, தள்ளு! நெழல் வுழுது, தள்ளு!"

சாயங்காலம் கிளம்பும்போது, நாளைக்குக் கிளைமாக்ஸ், ஒரு பூசணிக்காய் வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். படப்பிடிப்பு முடிகிற கடைசி நாளில் சினிமாக்காரர்கள் பூசணிக்காய் உடைப்பார்கள். உடைத்தால்தான் படம் முடிந்தது. தெரு பூசணிக்காய் வாங்கியது. ஆள் வரவில்லை. ஸ்டாண்டின் உறையில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு பூந்தமல்லியில் அந்தக் கல்யாண வீடியோ ஸ்டுடியோவைக் கண்டுபிடித்துப் போனார்கள். ஸ்டுடியோக்காரர் மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். கேசட் முந்தின நாளிலிருந்து அங்கேயே கிடந்தது. "கேசட்டே இல்லாம எத்த எடுத்தான்?" என்று அவர் இவர்களைக் கேட்டார்.

பூசணிக்காயைத் தெருவே பங்கு போட்டு மோர்க்குழம்பு வைத்தது. அக்காவுக்கு 'ஈரோயினி' என்று பெயர் நிலைத்தது. குழாயடியில், ரேஷன் கடையில், "ஈரோயினி வந்துட்டா, வழிவுடு." அவள் இப்போது பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. நன்றாகவே இருக்கிறாள். வேனின் ஹாரனைவிட அவள் குரல் பெரியது.

"அப்புறம் அக்காவ எதுக்குப்பா சாகடிச்ச?" என்று கேட்டேன்.

"அப்பதான அண்ணாத்தே ஈரோவுக்குக் கோவம் வரும்?"

"அவங்க சாகாமலே உனக்கு வந்துச்சே."

அவன் நடையை வேகமாக்கினான். ஏரியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலை மாற்றிக்கொண்டது.

பழிவாங்கும் படங்களில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. ஆரம்பத்தில் யாராவது ஒருத்தி செத்துப்போவாள். அதன்பிறகு அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. உனக்காகத்தான், உனக்காகத்தான் என்று அவள் போட்டோவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு இவன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போவான். போட்டோவில் இருப்பவளுக்கு அது வேண்டுமா, வேண்டாமா? மாலைக்கு நடுவிலிருந்து அவள் எப்படித் தலையாட்டுவாள்? இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை. அழகாக இருக்கிறதே, ஒரு கவிதைக்கு ஆகும் என்று எனக்கே வைத்துக்கொண்டேன்.

நடை முடிந்தால் கரையில் மீன் வறுவல் வண்டி. நான் அங்கே வாடிக்கை. வறுக்கிறவர் அறுபதைத் தாண்டிய ஒல்லியான ஆள், தோளில் துண்டு. வண்டிக்கு மேலே ஒரு பல்பு. நண்பன் அதுவரை அந்த வண்டிக்கு வந்ததில்லை, மனைவி எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று தடுத்திருந்தாள். அன்று விரக்தியில் வந்தான். ஆளுக்கொரு துண்டு மீன் வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தோம். கூட்டம் வாணலியை நெருக்கியது. பெரியவர் கரண்டியால் வண்டியைத் தட்டினார்.

"நெழல் வுழுது, தள்ளு!"

நண்பனின் கையில் இருந்த மீன் வாய்க்கு வரும் வழியிலேயே நின்றுவிட்டது.

"அண்ணாத்தே. அந்தக் கொரலு."

"மீன் வறுக்கிறவர்டா."

"இல்ல. அவன்தான்."

நான் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "பெரியவரே, நீங்க சினிமாவுல இருந்தீங்களா? லைட் புடிக்கிற ஆள் மாதிரி பேசுறீங்க."

"சினிமாவா?" அவர் மீனைத் திருப்பிப் போட்டார். "ஒரே ஒரு நாளு சார்."

வீட்டுக்குத் திரும்பும்போது நண்பன் நடக்கவில்லை, மிதந்தான். ஊரெல்லாம் தேடி நான் அலையவில்லை, வில்லனே எண்ணெய்ச் சட்டியோடு வந்து நிற்கிறான், இது கதையிலேயே இல்லாத சீன் என்றான். திட்டம் அங்கேயே பிறந்தது. கிளைமாக்ஸை நிஜமாகவே நடத்திப் பார்த்துவிடுவது. அந்த ஆளைக் கூப்பிட்டு நடிக்க வைப்பது. கேமராவில் படம் பதிவாகும் கார்டைப் போடாமல் இருப்பது. கடைசியில் திறந்து காட்டுவது. அவன் முகம் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் திங்கட்கிழமை மொட்டைமாடியில் அப்படியே சொல்லிவிடலாம், தயாரிப்பாளர் பெஞ்சில் உட்காராமல் எங்கே போவார்?

நான் தடுத்திருக்கலாம். வயதில் மூத்தவன். ஆனால் சொன்னேனே, கொடி ஏறிவிட்டது. "நான் தெர்மாகோல் புடிக்கிறேன்" என்று சொன்னேன். முகத்தில் வெளிச்சம் அடிக்க ஷூட்டிங்கில் பிடிக்கும் வெள்ளை அட்டை அது. கவிஞனுக்கு ஏற்ற வேலை.

பெரியவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடாகிவிட்டது. "வேணாம் சார், எனக்கும் அதுக்கும் ஆவாது" என்றார் முதலில். அடுத்த நாள், "டயலாக்கு நெறைய கீதா?" என்று கேட்டார். அதற்கும் அடுத்த நாள் நாங்கள் போவதற்குள் அவரே, "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குத்தம்பாக்கம். புது பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம், மனைக்கல் நட்டு யாரும் இன்னும் வீடு கட்டாத வெட்டவெளி. அங்கே ஒரு அடிபம்பை நண்பன் பார்த்து வைத்திருந்தான். யாரும் தண்ணீர் அடிப்பதில்லை. கைப்பிடியில் ஒரு ஆடு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. நண்பன் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலியும், ஒரு பூசணிக்காயும், ஒரு குடமும், தெரிந்தவரிடம் வாங்கிய கேமராவும் கொண்டுவந்திருந்தான். கார்டு அவன் சட்டைப்பையில். கூடவே ஆட்டோவில் அக்காவையும் கூட்டி வந்திருந்தான். பழி முடிகிறபோது அவள் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. விஷயத்தை ஆட்டோவில்தான் சொல்லியிருக்கிறான். இறங்கும்போதே அவள் வெடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

"எனக்காவவா? எனக்காவ பழி வாங்குறியா? என்னைய ஒரு வார்த்த கேட்டியாடா நைனா?"

"இன்னாக்கா நீ. அந்த ஆளு உன்ன எப்டி ஏமாத்துனான்?"

"அந்த ஒரு நாளுதான்டா என்னைய யாரும் பாத்திரம் தேய்க்க சொல்லல. தண்ணி கொண்டான்னு சொல்லல. எல்லாரும் ஓரமா நின்னுகினு என்னைய பாத்தாங்கோ. அது ஏமாத்தா?"

"ஈரோயினின்னு கலாய்ச்சப்ப அழுதியே?"

"அழுதேன். ஏமாந்துட்டேன்னா அழுதேன்? அன்னிக்கி என் மூஞ்சி எப்டி இருந்திச்சின்னு நான் பாக்கவே இல்லியே, அதுக்கு அழுதேன். சோக்கா அழுதேன்னு எல்லாரும் சொன்னாங்கோ. நான் மட்டும்தான் பாக்கல."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் தெர்மாகோலைப் பார்த்தேன்.

பெரியவர் ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை. மீசைக்கு மை. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. "யூனிட்டுக்கு" என்று அதை என்னிடம் நீட்டினார். உள்ளே மீன் வறுவல், வாழையிலை போட்டு மூடி, இன்னும் சூடாக. பழிவாங்க வந்த நான் அதை வாங்கி அடிபம்பின் மேடையில் வைத்தேன். அந்த இடத்திலேயே என் திருவிழாவில் ஒரு வாணம் நமத்துப்போனது.

முதல் காட்சிகள் பிரமாதமாகப் போயின. டைரக்டராக நடிக்க வேண்டும் என்று நண்பன் சொன்னதும், அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இல்லாத கூட்டத்தைப் பார்த்து, "நெழல் வுழுது, தள்ளு!" என்று கத்தினார். ஆடு பயந்து ஓடியது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நண்பன் சிரிக்கவில்லை. கார்டு இல்லாத கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு தாடையை இறுக்கி நின்றான். பிறகு பச்சை நாற்காலியை எடுத்து வந்து நடுவில் போட்டான்.

"இப்ப இதுல உக்காந்து ஆக்‌ஷன்னு சொல்றீங்க."

பெரியவர் நாற்காலியைப் பார்த்தார். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். உட்காரவில்லை.

"நான் நின்னுகினே நடிக்கிறேனே சார்."

"டைரக்டர்னா உக்காரணும் பெரியவரே."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது சார். எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் நாற்காலியின் கையைத் தடவினார். பிறகு அதைப் பார்த்தே பேசினார்.

"நான் கல்யாண வீடியோக்கு லைட்டு புடிச்சிகினு இருந்த ஆளு. மணவறையில எல்லாரும் உக்காந்துகினு இருப்பாங்கோ, நாங்க நிப்போம். சாப்பாடும் கடேசி பந்தி, அதுவும் நின்னுகினுதான். ஒருதபா திருமழிசையில முகூர்த்தம். கேமராவ நீ எடுத்துகினு முன்ன போ, கேசட்டோட நான் பின்னால வரேன்னாரு ஓனரு. அங்க போனா கல்யாணம் நின்னுபோச்சு. ஓனருக்கு யாரோ போன் பண்ணிட்டாங்கோ, அவரு வரவே இல்ல. நான் திரும்பிகினு இருந்தேன். நசரத்பேட்டையில ஒரு தெருவுல தண்ணி கேக்க நின்னேன். தோள்ல கேமரா. ஒரு பையன் ஓடியாந்து, சினிமா சூட்டிங்கான்னான். சொம்மா ஆமான்னேன். அவன் இன்னா பண்ணான் தெரியுமா? ஊட்டுக்கு ஓடிப்போயி ஒரு சேரு தூக்கியாந்து, தொடச்சி, போட்டான். உக்காருங்க சார்ன்னான்."

அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காந்துட்டேன் சார். அவ்ளோதான். மீதியெல்லாம் அதுவா நடந்துச்சு. சேருல உக்காந்த ஆளு எந்திரிச்சி, நான் லைட்டு புடிக்கிறவன்னு எப்டி சொல்றது? சாயங்காலமாவது சொல்லிருக்கலாம். மாலை போட்டுட்டாங்கோ. நாளைக்கி கேசட்டு வாங்கியாந்து நெஜமாவே எடுத்துரலாம்னு பூசணிக்கா வாங்கச் சொன்னேன். காத்தால போனா, நாளெல்லாம் கேமராவ எங்க வச்சிகினு இருந்தேன்னு ஓனரு வேலைய வுட்டுத் தூக்கிட்டாரு. வெறுங்கைய வச்சிகினு எப்டி போறது?"

நண்பனின் குரல் எங்கிருந்தோ வந்தது. "பச்ச சேரு. ஒரு கையில வெடிப்பு. கம்பி போட்டுக் கட்டிருக்கும்."

"ஆமா. உனக்கு எப்டித் தெரியும்?"

அக்காதான் சொன்னாள். "எப்டித் தெரியுமா? தூக்கியாந்தவனே இவன்தான். எங்கப்பன் உக்காற சேரு. அத்த இவன் என் தாவணியாலதான் தொடச்சான், பாவி."

பெரியவர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடிபம்பைப் பார்த்தார். அதன் அடியில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தார். முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தான் நாங்கள் வந்திருந்தோம். கோபம் வரும், அழுகை வரும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் கேமராவை மட்டும் காட்டி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அதுல கார்டு கீதா?"

"இல்ல" என்றான் நண்பன்.

"கரெக்டு" என்றார் அவர். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ வரும் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"யோவ், நில்லு!" அக்காவின் குரலுக்கு ஒரு வேனே நின்றுவிடும், அவர் எம்மாத்திரம். "பூசணிக்கா வாங்கச் சொல்லிட்டு போயிகினே இருக்கறதே உனக்குப் பொழப்பா? அன்னிக்கி மோர்க்கொழம்பு வச்சி துன்னோம். இன்னிக்கியும் கொழம்புதானா? வந்து உக்காரு. என் சீன எடுத்துட்டுப் போ."

பிறகு அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். சொல்ல வாயைத் திறந்தவள் சொல்லவில்லை. அவன் கை அதற்குள் சட்டைப்பையில் இருந்தது. கார்டை எடுத்தான், கேமராவின் பக்கத்து மூடியைத் திறந்தான், போட்டான், மூடினான். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அந்த வெட்டவெளியில் அது எனக்கு நன்றாகக் கேட்டது.

பெரியவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நுனியில்தான் உட்கார்ந்தார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடிபம்பருகே போய் நின்றாள். நான் தெர்மாகோலைப் பிடித்தேன்.

"அன்னிக்கி கேசட்டு இல்லம்மா," என்றார் அவர். "ஆனா நான் பாத்தேன். நெஜமாவே பாத்தேன். ஆக்‌ஷன்!"

அவளுக்கு அழுகை வரவில்லை. முகத்தைக் கோணினாள், கண்ணைக் கசக்கினாள், மூக்கை உறிஞ்சினாள். சிரிப்புத்தான் வந்தது. "ஒன்மோர்!" என்றார். மறுபடியும் சிரித்தாள். "இன்னாம்மா, அன்னிக்கி கொட்டுனியே!" என்றார். "அன்னிக்கி ஊட்ல ஆயிரம் இருந்துச்சு, அழுதேன். இன்னிக்கி உன் மீச மைய பாத்தா எங்க அழுவறது?" என்று அவள் இன்னும் சிரித்தாள். வெளிச்சம் ஏறிக்கொண்டே இருந்தது. என் கைகள் வலித்தன. அட்டையிலிருந்து எழும்பி அவள் முகத்தில் விழுந்த வெளிச்சம், அவள் சிரிக்கச் சிரிக்க ஆடியது. ஆடியது அவளா, என் கையா, தெரியவில்லை.

நண்பன் கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினான். அவள் வெயிலுக்குக் கையைக் குவித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பல்லு நல்லாகீது," என்றாள்.

பூசணிக்காயைப் பெரியவர் உடைத்தார். "குங்குமம் வெக்காத, பாதிய நான் எடுத்துகினு போறேன்" என்று அதற்கு முன்னாலேயே அக்கா தடுத்துவிட்டாள். அடிபம்பின் மேடையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டோம். பெரியவர் மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டார். பழக்கம்.

அக்காவை ஆட்டோவில் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, காலையில் நான் ஓட்டி வந்த நண்பனின் பைக்கில் இப்போது நான் பின்னால். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவன் கத்திக்கொண்டே ஓட்டினான்.

"போச்சு அண்ணாத்தே! நாளைக்கித் திங்கக்கெழம! என் கிளைமாக்ஸ் போச்சு! வில்லன் சேருல உக்காந்தான்றதுக்கெல்லாம் எவனாவது படம் எடுப்பானா? ஈரோ பழி வாங்கலன்னா தியேட்டர்ல சீட்ட கிழிப்பானுங்க!"

"அவர் கேட்ட ரெண்டு கேள்வி என்ன?"

"வில்லன் எதுக்கு ஏமாத்துறான்? ஈரோ இன்னாவா மாறுறான்?"

"நீ எதுக்குக் கார்டைப் போட்ட?"

"அக்கா சொல்லிச்சு."

"அவங்க சொல்லலையே."

ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு போனது. கிடங்குகள் வரிசையாக வரும் இடத்தில் வெளிர்நீலச் சட்டைக்காரர்கள் ஷிப்ட் முடிந்து கும்பலாக வந்தார்கள். அவன் வண்டியை மெதுவாக்கினான். பார்த்தான். மறுபடியும் முறுக்கினான்.

திங்கட்கிழமை காலை நான் ஏரிக்கரையில் தேவைக்கு மேல் நடந்தேன். தயாரிப்பாளரைப் போல நானும் நடந்துகொண்டே அவன் கதைக்குக் காத்திருந்தேன். வெயில் ஏறி நடைக்காரர்கள் எல்லோரும் போன பிறகு போன் வந்தது.

"அண்ணாத்தே, சேரு தூக்கியாந்தவன் நான்தான்னு சொன்னேன்ல, அங்க நின்னாரு. நான் செருப்ப பாத்தேன். கல்லு இல்ல."

"சரி. அப்புறம்?"

"அப்புறமும் நடந்தாரு. எனக்கு உயிரே போச்சு. அதுல கார்டு கீதான்னு அந்த ஆளு கேட்டான்ல, அத்த சொன்னேன். அப்டியே போயி பெஞ்சுல உக்காந்துட்டாரு. உக்காந்துகினு, நீயும் உக்காருப்பான்னாரு."

"உக்காந்தியா?"

"உக்காந்துட்டேன். சிமெண்டு செம சூடு அண்ணாத்தே. எந்திரிக்கவே மனசு வரல."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, அந்தத் தயாரிப்பாளர் கேமராவுல கார்டு இருக்குமா?"

"அத்த நான் கேக்கல அண்ணாத்தே," என்றான். "ஆனா சட்டைய மச்சான்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். அவனுக்குக் கரெக்டா கீது."

சாயங்காலம் சேதி சொல்ல மீன் வண்டிக்குப் போனேன். கூட்டம் இருந்தது. பெரியவர் மீசையில் மை இன்னும் போகவில்லை. தயாரிப்பாளர் உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மீனைத் திருப்பினார். வந்ததுதான் வந்தோம் என்று, நேற்றிலிருந்து கேட்க நினைத்த ஒன்றைக் கேட்டுவிட்டேன். அந்த நின்றுபோன கல்யாணம், தண்ணீர் கேட்க நின்றது, சேரைப் பார்த்ததும் உட்கார்ந்தது. நிஜமா?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருந்திச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்பால இன்னா சார்," என்றார் அவர். "நெழல் வுழுது, கொஞ்சம் தள்ளு."